ஆறு மில்லிமீட்டர் நம்பிக்கை

தைராய்டு கட்டியைக் கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் வாய்வழியே எடுத்துவிடலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். சொன்னபடி எடுத்தும் காட்டுகிறார்கள். கீழுதட்டின் உட்புறத்தில் மூன்று சிறு துளைகள். ஒன்றில் கேமரா, மற்ற இரண்டில் கருவிகள். தாடை எலும்பைத் தாண்டிக் கழுத்துத் தோலுக்கு அடியில் ஒரு சுரங்கம் தோண்டப்படுகிறது. அது மூடிக்கொள்ளாமல் விரிந்து நிற்கக் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். அந்த வாயு கிழிந்த சிரை ஒன்றுக்குள் புகுந்து இதயத்தை அடைத்துவிடாதா என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். அழுத்தம் வெறும் 6 மி.மீ. பாதரசம்தான் என்பது ஒன்று. கரியமில வாயு ரத்தத்தில் சுலபமாகக் கரைந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் நம்பி ஒரு நோயாளி மேசையில் படுக்கலாமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் கழுத்துக்கழலை அறுவையில் இறங்கிய 19ஆம் நூற்றாண்டில், அந்த அறுவைக்குப் போனவர் திரும்பி வருவது நிச்சயமில்லை. தன் காலத்திலேயே அந்த மரண வீதத்தை 1 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தவர் அவர். தைராய்டு ஆய்வுகளுக்காக 1909இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றைய திறந்த தைராய்டு அறுவை மிகப் பாதுகாப்பான பெரிய அறுவைகளில் ஒன்று. அதில் வாயு செலுத்துவதே இல்லை. காற்று சிரைக்குள் புகுந்த நிகழ்ச்சிகளும் அபூர்வத்திலும் அபூர்வம். ஆக, வாய்வழி அறுவையின் ஆபத்து 'சிறியது' என்றால் அது எதைவிடச் சிறியது என்று கேட்டாக வேண்டும். திறந்த அறுவையில் ஏறக்குறைய இல்லாத ஓர் ஆபத்து இங்கே புதிதாகச் சேர்க்கப்படுகிறது. அதற்குக் கைமாறாகக் கிடைப்பது நோய் தீர்வதில் கூடுதல் பலன் எதுவும் அல்ல, தழும்பின்மை. தழும்பின்மையை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆயுள் முழுக்க எல்லார் கண்ணிலும் முதலில் படும் இடம் கழுத்து. தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களுக்கு அது பெரிய துன்பம். ஆனாலும் அழகுக்காக ஏற்கும் ஆபத்தை அளக்கும் கோல், உயிர் காக்க ஏற்கும் ஆபத்தை அளக்கும் கோலைவிடக் கடுமையாகத்தான் இருக்க வேண்டும்.

கழுத்தில் வாயு செலுத்தும் வரலாறு எச்சரிக்கையோடுதான் தொடங்கியது. 1996இல் கிளீவ்லண்டில் மிஷேல் காக்னே உலகிலேயே முதன்முறையாக எண்டோஸ்கோப் வழியே, தைராய்டை ஒட்டியுள்ள பாராதைராய்டு சுரப்பிகளை அகற்றினார். அறுவை வெற்றி. ஆனால் நெடுநேரம் செலுத்திய வாயு தோலடியில் பரவி உடலை வீங்க வைத்தது. ரத்தத்தில் கரியமில வாயு எக்கச்சக்கமாக ஏறியது. அதற்குப் பின் பன்றிகளில் நடந்த சோதனைகள், கழுத்தில் 15, 20 மி.மீ. அழுத்தம் கொடுத்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது, 10 வரை அப்படிக் கூடுவதில்லை என்று காட்டின. வயிற்று லேப்ராஸ்கோபியில் 12, 15 என்று பழகிய கைகள் கழுத்துக்கு வந்ததும் எண்ணைக் குறைத்ததற்கு இந்தப் பாடங்களே காரணம். இத்தாலியின் பீசா நகரில் பாவ்லோ மிக்கோலி வாயுவே வேண்டாம் என்று சிறு கீறலும் கேமராவும் கொண்ட முறையை வளர்த்தார். தென்கொரியர்கள் அக்குள் வழியே தோலைத் தூக்கிப் பிடித்து ரோபோ கொண்டு அறுத்தார்கள். அதிலும் வாயு இல்லை. வாயுவை மீண்டும் நடுநாயகமாக்கியது பாங்காக்கின் காவல்துறைப் பொது மருத்துவமனை. அங்கே அங்கூன் அனுவோங் 60 நோயாளிகளின் அனுபவத்தை 2016இலும், 425 பேரின் அனுபவத்தை 2018இலும் வெளியிட்டபோது, வாய்வழி அறுவை உலகெங்கும் பரவத் தொடங்கியது. 6 மி.மீ. அழுத்தம், நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓட்டம் என்ற அமைப்பும் கூடவே பரவியது. இந்த ஜோடியில் முதல் எண்ணைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கழுத்துச் சிரைகள் உடலின் மற்றச் சிரைகளைப் போன்றவை அல்ல என்பது மருத்துவத்துக்குப் பழைய செய்தி. மயக்க மருந்தே இல்லாத 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரிஸில் கழுத்துப் பகுதிக் கட்டிகளை அறுக்கும்போது, உறிஞ்சும் ஓசை கேட்ட மறுகணமே நோயாளிகள் இறந்துபோனதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சிரைக்குள் காற்று புகுவதைப் பற்றி பிரெஞ்சு அறுவை மருத்துவர் அமுசா 1839இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். காரணம் உடற்கூறில் இருக்கிறது. கையிலோ காலிலோ சிரை அறுபட்டால் அது சுருங்கி மடிந்துவிடும். கழுத்தில் சிரையின் சுவர் சுற்றியுள்ள உறையோடு ஒட்டியிருப்பதால் கிழிந்த வாய் திறந்தே நிற்கும். தலை உயர்ந்திருக்கும்போது அது இதயத்துக்கு மேலே இருப்பதால் அதற்குள் அழுத்தமும் குறைவு. வாய்வழிச் சுரங்கம் தோண்டும் கருவி மோவாயிலிருந்து கீழே இறங்கும்போது சந்திக்கும் முதல் பெரிய நாளங்கள் முன் கழுத்துச் சிரைகள்தாம். நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஓடி, மார்பெலும்புக் குழிக்கு மேலே ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்பவை. சுரங்கத்தின் முதல் பகுதி கேமரா இல்லாமல் மொட்டைக் கம்பியால் குருட்டாம்போக்கில் தோண்டப்படுகிறது. வாய்வழி அறுவையில் வாயு அடைப்பு நேர்ந்ததாக வெளிவந்த அறிக்கைகளில் இந்தச் சிரைக் கிழிசல் திரும்பத் திரும்ப வருவதில் வியப்பில்லை.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. சாதாரணமாகச் சிரை கிழிந்தால் ரத்தம் வரும், அறுப்பவர் எச்சரிக்கையாவார். வாயு நிரம்பிய சுரங்கத்தில் வெளி அழுத்தம் சிரையின் அழுத்தத்தைவிட அதிகமாக இருந்தால் ரத்தம் வெளியே வராது, வாயு உள்ளே போகும். களம் உலர்ந்து சுத்தமாகத் தெரியும். கண்ணுக்கு நல்லதாகத் தோன்றுவதே இங்கே கெட்ட அறிகுறி.

இப்போது அந்த 6ஐ எடுத்துக்கொள்வோம். வாயுவைச் சிரைக்குள் தள்ளுவது வாயுவின் அழுத்தம் மட்டும் அல்ல. அதற்கும் சிரையின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். இதயத்தின் மட்டத்தில் சிரை அழுத்தம் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி சமமாகப் படுத்திருந்தால் கழுத்திலும் கிட்டத்தட்ட அதே 5. வித்தியாசம் 1 மி.மீ. மட்டும். ரத்தக்கசிவைக் குறைக்கத் தைராய்டு அறுவையில் தலைப்பக்கத்தை உயர்த்துவது நெடுநாள் பழக்கம். கழுத்து இதயத்தைவிட 10 செ.மீ. உயர்ந்தால் அங்கே அழுத்தம் ஏறக்குறைய 7 மி.மீ. குறைந்து பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். 1ஆக இருந்த வித்தியாசம் 8ஐத் தொடும். மாறாகத் தலையை 10 செ.மீ. தாழ்த்தினால் சிரை அழுத்தம் 12ஐத் தொட்டு வாயுவை வென்றுவிடும். அதாவது மேசையின் சாய்வை மாற்றினால் 14, 15 மி.மீ. வரை மாறுகிறது, வாயுவை 6லிருந்து 4ஆகக் குறைத்தால் மாறுவது 2. இரவு முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த நோயாளியின் சிரை அழுத்தம் இன்னும் குறைவாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண் 6 என்று சொல்லிவிட்டுச் சாய்வைச் சொல்லாமல் விடுவது பாதிக் கணக்கு.

மறந்துபோன அந்த இரண்டாவது எண் இதைவிட முக்கியம். வாயு செலுத்தும் கருவி கண்மூடித்தனமாகக் கீழ்ப்படியும் இயந்திரம். சுரங்கத்தில் அழுத்தம் 6க்குக் கீழே இறங்கினால் குறையை நிரப்பும். குறைந்த வாயு துளையோரம் கசிந்ததா, உறிஞ்சும் குழாயில் போனதா, சிரைக்குள் போனதா என்பது அதற்குத் தெரியாது. நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் விநாடிக்கு 250 மி.லி. சிறு சிரையின் கிழிசல் வழியே அவ்வளவும் பாய முடியாது, குழாய்களின் தடையும் உண்டு. ஆனாலும் எவ்வளவு வாயு புகலாம் என்பதற்கு மேல்வரம்பு வைப்பது அழுத்தம் அல்ல, ஓட்டம். பிறகு ஏன் 15? அறுத்து ஒட்டும் கருவிகள் எழுப்பும் புகை அந்தச் சின்ன இடத்தில் கேமராவை மறைத்துவிடும். அதை வெளியேற்ற வேகமான ஓட்டம் தேவைப்படுகிறது. நியாயமான தேவைதான். ஆனால் புகை எழுவது சுரப்பியை அறுக்கும் கட்டத்தில். சிரை கிழிய அதிக வாய்ப்புள்ள சுரங்கக் கட்டத்தில் புகைக்கே அவ்வளவு வேலையில்லை. வாயுவைத் திறக்கும் முதல் நிமிடங்களில் ஓட்டத்தைத் தாழ்வாக வைத்து, கேமராவில் இரு முன் கழுத்துச் சிரைகளும் முழுசாக இருப்பதைப் பார்த்த பிறகு உயர்த்துவதற்கு எந்தத் தடையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது கரைதிறன். இந்த வாதம் வலுவானது, அதை மறுப்பதற்கில்லை. காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனைவிடக் கரியமில வாயு ரத்தத்தில் பல மடங்கு எளிதாகக் கரைகிறது. நுரையீரல் வழியே வெளியேறவும் செய்கிறது. நாய்களில் 1950களின் இறுதியில் நடந்த சோதனையில், உயிரைப் பறிக்கத் தேவைப்பட்ட அளவு காற்றுக்குக் கிலோவுக்கு 5 மி.லி., கரியமில வாயுவுக்கு 25 மி.லி. என்று வந்தது. ஐந்து மடங்கு பாதுகாப்பு. கழுத்திலோ வயிற்றிலோ காற்றைச் செலுத்தாமல் இந்த வாயுவைத் தேர்ந்ததற்கு இது நல்ல காரணம். ஆனால் 60 கிலோ உடலுக்கு 25 மி.லி. வீதம் கணக்குப் போட்டால் ஒன்றரை லிட்டர்தான் வருகிறது. 15 லிட்டர் ஓட்டத்தில் அது ஆறு விநாடிச் சரக்கு. நாயின் கணக்கை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது என்பது சரி. இருந்தும், கரைதல் நேரம் எடுக்கும் செயல். ஒரே மூச்சில் ஒரு கவளம் வாயு போய்ச் சேர்ந்தால் கரைவதற்குள் இதயம் நின்றுவிடலாம் என்பதை எந்தக் கணக்கும் மாற்றாது. கிணற்று மோட்டாரில் காற்று பிடித்துக்கொண்டால் மோட்டார் சுற்றும், தண்ணீர் ஏறாது. இதயத்தின் வலது கீழறையிலும் அதுதான் நடக்கிறது. இதயம் துடிக்கிறது, நுரையீரலுக்கு ரத்தம் போவதில்லை. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இரண்டு மேலறைகளுக்கும் இடையிலுள்ள பிறவி வழி முழுதாக மூடியிருக்காது. வலப்பக்க அழுத்தம் எகிறும்போது அந்த வழியாகக் குமிழி இடப்பக்கம் தாண்டி மூளைக்கும் போகலாம்.

"எங்களிடம் ஒன்றுகூட நடக்கவில்லை" என்பது அடுத்துக் கேட்கும் குரல். நல்லதுதான். ஆனால் 400 பேரில் ஒருவருக்கும் நேராத விளைவின் உண்மையான வீதம், புள்ளியியல் கணக்கின்படி, 0.75 விழுக்காடு வரை இருக்கக்கூடும். நூற்றுக்கணக்கில் செய்த கைதேர்ந்த மையங்களே பெரும்பாலும் தங்கள் முடிவுகளை வெளியிடுகின்றன. பத்துப் பதினைந்து செய்துவிட்டு ஒரு விபத்தோடு நிறுத்திக்கொண்ட மருத்துவமனை கட்டுரை எழுதுவதில்லை. எதிர்ப்பக்க வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். பித்தப்பை லேப்ராஸ்கோபியின்போது உணவுக்குழாய் வழியே எக்கோ பார்த்த ஓர் ஆய்வில் 16 பேரில் 11 பேருக்கு இதயத்தில் குமிழிகள் தெரிந்தன. கருப்பை லேப்ராஸ்கோபியில் 40 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வில் பெரும்பாலும் எல்லாருக்குமே தெரிந்தன. கிட்டத்தட்ட யாரும் பாதிக்கப்படவில்லை. குமிழி புகுவது வேறு, குமிழியால் சாவது வேறு. ஆபத்து அபூர்வம் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. நேர்ந்தால் எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறோம் என்பதில்தான் என் கேள்வி நிற்கிறது.

கண்டுபிடிப்பதில் இந்த அறுவைக்கு ஒரு விசித்திரமான சங்கடம். சிரைக்குள் புகும் வாயுவை மிக நுட்பமாகக் காட்டுவது உணவுக்குழாய் வழி எக்கோ. அதை நுழைக்க வேண்டியது வாய். இங்கே வாயே அறுவைக் களம். அடுத்த நுட்பமான கருவி, மார்பில் வைத்து ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்கும் டாப்ளர். வாய்வழி அறுவையில் மார்பு காலியாக இருப்பதால் வைக்கலாம். ஆனால் மின்கருவி இயங்கும்போதெல்லாம் இரைச்சலில் அதன் காது செவிடாகும். மார்பகம் வழியே சுரங்கம் தோண்டும் மாற்று முறையில் அதற்கும் இடமில்லை. மிஞ்சுவது ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. காற்று புகுந்தால் அந்த அளவு விழும். கரியமில வாயு சிறிதளவு புகுந்தால் முதலில் ஏறும், பெரிதாக அடைத்தால்தான் சட்டென்று விழும். கழுத்தில் செலுத்திய வாயு தோலடியில் உறிஞ்சப்படுவதாலும் அளவு மெல்ல ஏறும். ஏற்றத்தைக் கண்டு 'உறிஞ்சல்தான்' என்று மூச்சு வேகத்தைக் கூட்டிவிட்டுத் திரும்பும் நேரத்தில், விழுதல் வந்து நிற்கும். நோயாளியின் தலைமாட்டை அறுவை மருத்துவர் பிடித்துக்கொள்வதால் மயக்க மருந்து நிபுணர் தள்ளி நிற்க வேண்டியிருப்பது வேறு. ஆகவே கேப்னோகிராஃபின் கோடு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவரின் கண்தான் இங்கே உண்மையான கருவி.

நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? பாடநூல் பட்டியல் நீளமானது. எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை. வாயுவை நிறுத்துவது, சுரங்கத்தில் உள்ளதை வெளியேற்றுவது, நூறு சதவீத ஆக்சிஜன், ரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்தும் திரவமும், தேவையானால் உடனே நெஞ்சழுத்தம்: இவற்றில் சர்ச்சை இல்லை. நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் அக்கணமே நிறுத்த வேண்டும். குமிழிக்குள் புகுந்து அதைப் பெரிதாக்கும் வாயு அது; இந்த அறுவையில் தொடக்கத்திலிருந்தே அதைத் தவிர்ப்பதுதான் அறிவு. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துத் தலையைத் தாழ்த்தும் முறை 1947இல் டூரன்ட் என்ற மருத்துவர் சொன்னது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக எல்லா நூல்களிலும் இருக்கிறது. 1990களில் நாய்களில் சோதித்தபோது உடலைப் புரட்டியதால் ரத்த ஓட்டம் மேம்பட்டதாகத் தெரியவில்லை. கழுத்தை நிமிர்த்தி, வாயில் மூன்று துளைக்குழாய்களோடு, மறைப்புத் துணிகளுக்கு அடியில் கிடப்பவரைப் பக்கவாட்டில் புரட்டுவது நெஞ்சழுத்தத்தைத் தாமதப்படுத்தும் என்றால், புரட்ட வேண்டாம் என்பதே சரி. தலையைத் தாழ்த்துவது வேறு விஷயம். அது ஒரு பொத்தான் வேலை, சிரை அழுத்தத்தை உயர்த்தி மேலும் வாயு புகுவதைத் தடுக்கும். மையச் சிரைக் குழாய் வழியே வாயுவை உறிஞ்சி எடுக்கலாம் என்பதும் ஏற்கெனவே குழாய் இருந்தால்தான் பொருந்தும். நெருக்கடியில் அதைப் போட ஆரம்பிப்பது நேர விரயம். போடும் வழக்கமான இடமும் இதே கழுத்து.

பட்டியல்களில் அழுத்திச் சொல்லப்படாத ஒன்று கழுத்துக்கே உரிய வசதி. வயிற்றுக்குள் கிழிந்த சிரையைக் கையால் எட்ட முடியாது. முன் கழுத்துச் சிரை தோலுக்கு ஓர் அங்குலம்கூட ஆழம் இல்லை. வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்தினால் வாயு போகும் வழி அடைபடும். பிறகு மயக்க மருந்து நிபுணர் நுரையீரலைச் சில விநாடி விரித்துப் பிடித்தால் சிரை அழுத்தம் ஏறி, கிழிசலிலிருந்து ரத்தம் கசிந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இந்த இரண்டையும் செய்ய ஒரு ரூபாய் செலவில்லை. யார் அழுத்துவது, யார் வாயுவை மூடுவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும், அவ்வளவே. சரியான நேரத்தில் நிறுத்தினால் பலர் சில நிமிடங்களில் மீண்டுவிடுகிறார்கள். கரைதிறன் தன் பங்கைச் செய்வது அப்போதுதான்.

வாயுவே இல்லாத முறைகள் இருக்கும்போது ஏன் இந்த வம்பு என்று கேட்கலாம். அக்குள் வழியே போனால் வாயு வேண்டாம்; ஆனால் தோலைப் பிரிக்கும் பரப்பு பெரிது, கையைத் தூக்கி வைப்பதால் கை நரம்புகள் இழுபட்டுப் பாதிக்கப்பட்டதுண்டு, மறுபக்கச் சுரப்பியை எட்டுவது சிரமம். வாய்வழியில் தோலைக் கம்பியால் தூக்கிப் பிடித்து வாயுவின்றி அறுக்கும் முறையை ஜப்பானியர் காட்டியிருக்கிறார்கள். பார்வைக் களம் குறுகும். வாயு இல்லாததாலேயே வாயு அடைப்பு இல்லை என்றும் ஆகாது. தலை உயர்ந்திருந்தால் அறைக்காற்றே சிரைக்குள் போகலாம், அதில் பெரும்பங்கு எளிதில் கரையாத நைட்ரஜன். ஆனாலும் அங்கே காற்றைப் பின்னாலிருந்து தள்ளும் இயந்திரம் இல்லை. இந்த ஒன்றில் மட்டும் வாயுவில்லா முறைக்குத் தெளிவான மேன்மை உண்டு; மற்றவற்றில் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகிறது. சிரை அழுத்தம் குறைந்தவர்கள், இதய மேலறைகளுக்கிடையே வழி இருப்பது தெரிந்தவர்கள் ஆகியோருக்கு நான் வாயுவில்லா முறையையோ பழைய திறந்த அறுவையையோதான் சிபாரிசு செய்வேன்.

என் தீர்ப்பு இது. கரியமில வாயு செலுத்தும் வாய்வழித் தைராய்டு அறுவையைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் '6 மி.மீ., கரைந்துவிடும்' என்ற இரட்டைச் சமாதானத்தை மட்டும் வைத்து அதைப் பாதுகாப்பானது என்று சான்றளிக்கவும் முடியாது. கேப்னோகிராஃப் இல்லாத அறையில், தலையை உயர்த்தி வைத்துக்கொண்டு, முழு ஓட்டத்தோடு வாயுவைத் திறக்கும் மருத்துவமனை இதைச் செய்யவே கூடாது. மாதத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் செய்யும் இடங்கள் இத்தகைய நோயாளிகளைப் பெரிய மையங்களுக்கு அனுப்புவதே முறை. மற்ற இடங்களில், மேசை சமமாகவோ சற்றுத் தாழ்வாகவோ, சுரங்கக் கட்டத்தில் ஓட்டம் குறைவாக, நைட்ரஸ் ஆக்சைடு இல்லாமல், யார் என்ன செய்வது என்ற ஒத்திகையோடு நடந்தால், அந்த ஆபத்தைத் தழும்பின்மைக்காக ஏற்பது ஒருவருடைய நியாயமான உரிமை.

உரிமை என்றால் தெரிந்து ஏற்பது. அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில் குரல் நரம்பு, கால்சியம் குறைவு, மோவாய் மரத்துப்போதல் எல்லாம் இருக்கும். அங்கே கரியமில வாயு இதயத்துக்குப் போகக்கூடும் என்ற வரியும் தமிழில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்துப் போடும் முன் நீங்களே கேளுங்கள்: வாயு செலுத்துவீர்களா, எவ்வளவு ஓட்டத்தில், ஏதாவது ஆனால் முதலில் என்ன செய்வீர்கள்? இதற்கு அறுவை மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் ஒரே பதிலைச் சொல்லாவிட்டால் கழுத்தில் கீறலே மேல்.